சார் போன பிறகு மைதானத்தை யார் திறப்பது?

கேள்வி: எங்கள் பள்ளி சிறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மொத்தமே 190 பேர். 22 ஆண்டுகள் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த சார் சென்ற மாதம் திடீரென்று இறந்துவிட்டார். நான் கணித ஆசிரியை. கல்லூரியில் கொஞ்சம் விளையாடியிருக்கிறேன் என்பதால் அணியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அணியில் 14 பேர். முதல் நாள் பயிற்சிக்கு எல்லாரும் வந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பழைய மாணவர்கள் நினைவு ஆட்டம், கோப்பை, சிலை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சாருடைய அறையில் 17 நோட்டுகளும், ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்களும், அவருடைய விசிலும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? அவர் விசிலை நான் ஊதலாமா?

பதில்: நினைவு ஆட்டத்தை இரண்டு மாதமாவது தள்ளிப்போடுங்கள். சிலைப் பேச்சை அதற்கும் அப்பால் தள்ளுங்கள். நோட்டுகளையும் புகைப்படங்களையும் இன்றே ஈரம் படாத ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். யார் கேட்டாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அசலைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். இவ்வளவும் செய்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.

சிறிய பள்ளியில் பயிற்சியாளர் என்பது ஒரு வேலை அல்ல. கோடு போடுபவர், பந்துக்குக் காற்றடிப்பவர், முதலுதவி செய்பவர், சாவி வைத்திருப்பவர், கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்வரை காத்திருப்பவர் எல்லாம் ஒரே ஆள். அவர் போனதும் இந்த வேலைகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஏதாவது அசம்பாவிதம் நடக்கும்போதுதான் எது நின்றது என்பது தெரியவரும்.

முதலில் கோல் கம்பங்களைப் பாருங்கள். தரையில் புதைக்காத, நகர்த்தக்கூடிய கம்பங்கள் என்றால் பின்பக்கத் தரைக் கம்பியில் மணல் மூட்டை ஏற்றியோ, ஆணியடித்தோ நிறுத்தியிருக்க வேண்டும். பாரம் இல்லாத கோலின் குறுக்குக் கம்பியில் ஒரு பிள்ளை தொங்கினால் போதும், மொத்தமும் முன்பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்து உலகின் பல இடங்களில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வருவதற்கு முன் பெரியவர்கள் இருவராக நின்று குறுக்குக் கம்பியை முன்பக்கம் தள்ளிப் பாருங்கள். பின்கம்பி தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பினாலும் அன்றைக்கு அந்தக் கோல் வேண்டாம். அதற்குப் பதில் இரண்டு கோன்களை, அதாவது கூம்பு வடிவ அடையாளங்களை, வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சார் இதை ஒவ்வொரு நாளும் செய்திருக்கக்கூடும். செய்தார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்து உடல்நலக் குறிப்பு. யாருக்கு மூச்சிரைப்பு, இன்ஹேலரை யார் பையில் வைத்திருப்பார், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் போன ஆண்டு தலையில் அடிபட்டது என்பதெல்லாம் இத்தனை ஆண்டு பழகியவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும், தாளில் இருக்காது. இந்த வாரமே 14 வீடுகளுக்கும் போன் செய்து எழுதி வாங்குங்கள். அவசரத்துக்கு அழைக்க ஒரு வீட்டுக்கு இரண்டு எண்கள். அந்தத் தாளின் ஒரு பிரதி முதலுதவிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். தலையில் அடிபட்டுச் சந்தேகம் வந்தால் அந்தப் பிள்ளை வெளியே வர வேண்டும். 'இப்ப நல்லாயிருக்கு' என்று சொன்னாலும் அன்று திரும்ப இறக்கக்கூடாது.

பந்துகளுக்கும் பார்வை வேண்டும். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 4-ஆம் எண் போதும். ஊசியை நனைக்காமல் செருகினால் வால்வு கிழியும். ஒரே மாதத்தில் பந்துகள் வரிசையாகக் காற்றிறங்கிப் போனால் காரணம் பெரும்பாலும் அதுதான். கோடு போடுவது மட்டும் உங்களுக்குச் சிரமமாக இருக்காது: 12 மீட்டர் கயிற்றில் 3, 4, 5 மீட்டர் என்று முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் மூலை செங்கோணமாக நிற்கும். அடுத்த வகுப்பில் பித்தாகரஸ் பாடத்தை மைதானத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. திங்கள் முதல் ஞாயிறுவரை ஒரு தாளில் மணிக்கணக்காகக் கட்டம் போட்டு, அந்தந்த நேரத்தில் சார் எங்கே இருப்பார், என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டுக் கேட்டு நிரப்புங்கள். தலைமையாசிரியரிடம் மட்டும் கேட்டால் பாதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கும். காவலாளியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் கேளுங்கள். காலையில் கதவு திறந்த நேரமும் மாலையில் கடைசியாக விளக்கணைந்த நேரமும் அவர்களுக்குத் தெரியும். நிரம்பிய அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவரைப் பற்றி நீங்கள் திரட்டப்போகும் ஆவணங்களில் அதுவே முதலாவது, எந்தப் புகழுரையையும்விட உண்மையானது. அந்த வேலைகளை ஒரே ஆள் மறுபடி சுமக்கக்கூடாது என்பதற்கும் அதுவே சான்று. தாளைத் தலைமையாசிரியரிடம் காட்டி மூன்று பேருக்காவது பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி, பேசாத பிள்ளைகள். அவர்களைப் பேசவைக்க முயல வேண்டாம். வட்டமாக உட்காரவைத்து 'ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்' என்றால் நன்றாகப் பேசத் தெரிந்த இருவர் சொல்வார்கள். மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு முறை, நின்றபடியே, இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்: சார் இறந்துவிட்டார், நமக்கெல்லாம் வருத்தமாக இருக்கிறது, இன்று அவர் சொல்லிக்கொடுத்ததையே ஆடப்போகிறோம். 'நம்மைவிட்டுப் போயிட்டார்' என்று சுற்றி வளைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் எங்கே போனார் என்று யோசிப்பார்கள். முதல் இரண்டு வாரம் பயிற்சி 45 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. யாராவது அழுதால் கோட்டோரம் உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள், தானாக எழுந்து வரும்வரை விடுங்கள். மூன்று நான்கு வாரம் கழிந்தும் ஒரு பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்கே வராமல் இருந்தால் அது உங்கள் கை மீறியது. பெற்றோரிடம் பேசி மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். அணித் தலைவரையும் கவனியுங்கள். 'நீதான் எல்லாரையும் பார்த்துக்கணும்' என்று எல்லாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருப்பார்கள். அதன் துக்கத்துக்கு இடமே இருந்திருக்காது.

நோட்டுகளுக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பதிலேயே விலைமதிப்பற்றது இதுதான் என்பேன். படிக்கத் தொடங்கும் முன் படமெடுங்கள். ஜன்னலோர வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், போன் பக்கத்துக்கு இணையாக மேலே. தையல் விட்டுப்போகும் என்பதால் நோட்டைத் தட்டையாக அழுத்தாதீர்கள். அட்டை, காலிப் பக்கங்கள், ஓரத்துக் கிறுக்கல் எல்லாம் வேண்டும். கோப்புக்கு 'நோட்டு03-பக்கம்041' என்பதுபோல முன்னால் பூஜ்யம் சேர்த்துப் பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் கணினி 2-ஆம் பக்கத்தை 19-க்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றையாவது பள்ளிக்கு வெளியே வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இந்த இரண்டும்தான் பழைய தாள்களை அதிகம் கெடுக்கின்றன. பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சிறிய புகைப்படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகப் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம்வரை தடம் பதிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சியாளரின் நோட்டில் பிள்ளைகளின் எடை, வீட்டு நிலைமை, யார் ஏன் அழுதார்கள் என்பதும் இருக்கும். அவர் தனக்காக எழுதியவை அவை. அப்படிப்பட்ட பக்கங்களை விழா மலரிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடக்கூடாது. முழு நோட்டையும் முதலில் அவர் குடும்பத்தார் பார்க்கட்டும். எதை வெளியே காட்டலாம் என்பதில் அவர்கள் சொல்லே முடிவு.

பயிற்சிகளை நோட்டிலிருந்து எடுத்து அப்படியே நடத்தப் பார்த்தால் முதல் நாளே தடுக்கும். அவர் தனக்குத் தெரிந்ததை எழுதவில்லை, மறந்துவிடக்கூடியதை மட்டுமே எழுதியிருப்பார். '4-2, சதுரம், 2 டச்' என்று மட்டும் இருக்கும். நான்கு பேர் பந்தை வைத்திருக்க இரண்டு பேர் பறிக்க முயல்வது, ஒருவர் பந்தை ஒரு நேரத்தில் இரண்டு முறைக்கு மேல் தொடக்கூடாது என்று உங்களுக்குப் புரியும். சதுரம் எவ்வளவு பெரியது? அங்கேதான் எல்லாம் இருக்கிறது. 12 மீட்டர் என்றால் பறிப்பவர்கள் ஓடி ஓடிச் சோர்வார்கள், பந்து வைத்திருப்பவர்கள் தலை நிமிர வேண்டிய அவசியமே இருக்காது. 6 மீட்டர் என்றால் சின்னப் பிள்ளைகளால் மூன்று பாஸ்கூடச் சேர்க்க முடியாது. 8 முதல் 10 மீட்டருக்குள் எங்கோ அவர் தன் பிள்ளைகளுக்கான அளவைக் கண்டுபிடித்திருப்பார். அதைத் தெரிந்துகொள்ள, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆட்டக்காரர்களிடம் நான்கு கோன்களைக் கொடுத்து, 'சார் எப்படி வைப்பாரோ அப்படியே வையுங்கள்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். ஆண்டுக்கணக்கில் அதே சதுரத்துக்குள் ஓடிய கால்களுக்கு அளவு தெரியும். அவர்கள் வைத்து முடித்ததும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான்: 'இல்ல மிஸ், இன்னும் ஓரடி உள்ள', 'அவன் பக்கம் மட்டும் கொஞ்சம் பெருசா வைப்பாரு'. அந்த 'அவன் பக்கம் மட்டும்' ஏன் என்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் பலவீனத்தை அவர் எப்படிக் கவனித்தார் என்பது அந்த ஓரடியில் இருக்கும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள்: அவர் வைத்த பெயர், பரப்பளவு, ஆள் எண்ணிக்கை, நேரம், சுலபமாகிவிட்டால் எதை மாற்றுவார். உங்கள் 14 பேருக்கு 4-2 சரியாகப் பொருந்தும். இரண்டு சதுரத்தில் 12 பேர், மீதி இருவர் தனியாகக் கோல்கீப்பர் பயிற்சி. அந்த எண்ணிக்கையில் அவர் எதையெல்லாம் யோசித்திருப்பார் என்று நோட்டில் தேடுங்கள். 14 பேர் உள்ள அணியில் இருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு என்றால் மாற்று ஆட்டக்காரரே இல்லாமல் 11 பேர்தான். ஏழு பேருக்குக் குறைந்தால் விதிப்படி ஆட்டமே தொடங்க முடியாது. அதனால்தான் சிறிய பள்ளிப் பயிற்சியாளர்கள் எல்லாரையும் எல்லா இடத்திலும் ஆடப் பழக்குகிறார்கள், மூன்று பேரையாவது கோலில் நிறுத்திப் பார்க்கிறார்கள். பிற்காப்பில் ஆடியே சலித்த பையன் திடீரென்று ஒரு நாள் முன்னால் நின்று கோல் போட்டதும் இப்படி நேர்ந்ததாகத்தான் இருக்கும். பெரிய பள்ளியில் அந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். உங்கள் சாரின் செல்வாக்கு இத்தனை பேரிடம் ஆழமாக இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: அவரிடம் உபரி என்று யாருமே இல்லை.

அவர் செய்தார் என்பதற்காக எல்லாவற்றையும் தொடர வேண்டியதில்லை. தாமதமாக வந்தால் பத்துச் சுற்று ஓட்டம், பயிற்சி முடியும்வரை தண்ணீர் கிடையாது என்பவை அந்தக் காலத்தில் எங்கும் இருந்தன. நோட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் நின்ற இடத்திலேயே நீண்ட நேரம் தசையை இழுத்துப் பிடிப்பதற்குப் பதிலாக ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப் செய்யுங்கள். மூன்று பகுதி, 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம். வாரம் இருமுறை ஒழுங்காகச் செய்தால் கால் காயங்கள் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால் சாருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. 22 ஆண்டு ஒரே வேலையில் இருந்தவர் முதல் நோட்டுக்கும் பதினேழாவது நோட்டுக்கும் நடுவில் தானே எத்தனையோ மாற்றியிருப்பார். எதை, எப்போது மாற்றினார் என்று குறித்துவையுங்கள்.

பழைய மாணவர்களிடம் நினைவுகளைக் கேட்கும்போது 'சார் எப்படிப்பட்டவர்?' என்று தொடங்காதீர்கள். நல்லவர், கண்டிப்பானவர், அப்பா மாதிரி என்று மூன்று சொற்கள் வரும். எல்லாரிடமும் அதே மூன்று. 'உங்களை எந்த இடத்தில் ஆடவைத்தார், ஏன் அங்கே?' 'தோற்ற ஆட்டம் முடிந்ததும் முதலில் யாரிடம் போனார்?' 'அவர் திட்டியதில் இன்னும் காதில் கேட்பது எது?' 'மைதானத்துக்கு வெளியே உங்களுக்கு என்ன வேலை கொடுத்தார்?' என்று கேளுங்கள். இங்கிலாந்து ஆட்டக்காரர் இயன் ரைட், ஆர்சனலுக்காக 185 கோல் அடித்தவர். தன் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சிட்னி பிக்டனைப் பற்றி அவர் சொல்வதைக் கவனித்தால் இது விளங்கும். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட தன்னை அழைத்து எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததையும், வருகைப் பதிவேடுகளைச் சேகரிக்கும் பொறுப்பைத் தந்ததையும் சொல்வார். அந்தச் சின்னப் பொறுப்புதான் தான் ஒரு ஆள் என்று அவரை நினைக்கவைத்தது. உங்கள் பழைய மாணவர்களிடமும் அப்படி ஒரு பதிவேடு இருக்கும். பந்துப் பையாகவோ பம்பாகவோ இருக்கலாம்.

ஒருவருக்கு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி மேசைமேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரே ஆட்டத்தை இருவர் இரண்டு ஸ்கோரோடு சொல்வார்கள். முகத்துக்கு நேரே திருத்தாதீர்கள், இரண்டையும் பதிவுசெய்து பிறகு நோட்டில் சரிபாருங்கள். பெஞ்சிலேயே உட்கார்ந்து பள்ளியை முடித்தவர்களையும், கோபித்துக்கொண்டு அணியைவிட்டுப் போனவர்களையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கசப்பும் பதிவாகட்டும், எல்லாரும் புகழ மட்டும் செய்த மனிதரை அடுத்த தலைமுறை நம்பாது. யாராவது உண்மையான துன்பத்தைச் சொன்னால், அது நினைவு மலருக்கான விஷயம் அல்ல. பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் போக வேண்டியது.

நினைவு ஆட்டத்துக்குச் சில விஷயங்களைப் பார்த்தால் போதும். பழையவர்கள் ஆடி இப்போதைய பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் விழாவாக அது ஆகிவிடக்கூடாது. அணிக்கு ஏழு பேர், ஒவ்வொன்றிலும் இரண்டு தலைமுறையும் கலந்து, பாதிக்கு 15 நிமிடம், விரும்பியபோது ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று வையுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வார்ம்-அப் இல்லாமல் நேராக ஓட ஆரம்பித்தால் பின்தொடைத் தசையோ குதிகால் தசைநாரோ போகும். மாரடைப்புக்கான வாய்ப்பும் உண்டு, முதலுதவி தெரிந்தவர் கோட்டோரம் இருக்க வேண்டும். பேச மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். எழுதி வரச் சொல்லுங்கள், 250 சொல்லுக்கு மேல் போகாமல். மௌன அஞ்சலிக்கு நடு வட்டத்தைச் சுற்றி நில்லுங்கள், ஆரம் 9.15 மீட்டர் என்பதால் சுற்றிலும் 57 மீட்டர், ஐம்பது பேர்வரை தோளோடு தோள் இடிக்காமல் நிற்கலாம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவர் விசில் ஊதட்டும், இல்லாவிட்டால் எப்போது கலைவது என்று தெரியாமல் திணறுவார்கள்.

போட்டி ஆட்டங்களில் வெறும் கறுப்புக் கைப்பட்டை சிக்கல் தராது. அதில் பெயரோ படமோ சேர்ப்பதென்றால் முன்கூட்டியே போட்டி அமைப்பாளர்களிடம் கேளுங்கள். சார் படம் போட்ட பனியனை உள்ளே போட்டுக்கொண்டு கோல் அடித்ததும் ஜெர்சியைக் கழற்றிக் காட்டலாம் என்று பிள்ளைகள் கட்டாயம் யோசிப்பார்கள். ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் அட்டை. துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு நடுவர் அட்டை காட்டும் நிலை வராமல் முன்பே சொல்லிவையுங்கள்.

சிலை வேண்டாம். கோப்பை வைப்பதானால் அதிக கோல் அடித்தவருக்கு என்று வைக்காதீர்கள். சார் எதை மதித்தார் என்று நோட்டும் ஒலிப்பதிவுகளும் சொல்லும், அதற்குக் கொடுங்கள். ஆண்டுதோறும் அவர் பெயரில் நான்கு பந்தும் ஒரு ஜோடி வலையும் வாங்கித் தரச் சொன்னால் பழைய மாணவர்களின் ஆர்வத்துக்கு அதைவிட நல்ல வடிகால் இல்லை.

விசில் பள்ளியுடையது அல்ல, அவர் குடும்பத்தினுடையது. கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் திருப்பித் தந்தால் நோட்டுகளோடு அலமாரியில் வையுங்கள். மைதானத்தில் ஊத வேண்டாம். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பது உங்களை அல்ல. உங்களுக்கென்று வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவருடையது உள்ளே குண்டு உருளும் விசில் என்றால் நீங்கள் குண்டில்லாததாக வாங்குங்கள், சத்தம் வேறாக இருக்கும்.